ரோஜாத் தொட்டிக்குக் கழுநீரா, ஆர்.ஓ. கழிவுநீரா?

தர்மபுரிப் பக்கத்து வீடுகளில் தொட்டிச் செடிக்கு எதையெல்லாம் ஊற்றுகிறார்கள்! அரிசி களைந்த கழுநீர், வடிகஞ்சி, புளித்த மோர், டீத்தூள் சாறு, துணி அலசிய நீர், இப்போது ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரும் சேர்ந்துகொண்டது. என் ஓட்டு கழுநீருக்கு. அதன் சத்து சொற்பம்தான். ஏறக்குறைய தண்ணீராகவே இருப்பதுதான் அதன் பலம்.

மண்ணின் ஈரத்தில் உப்போ சர்க்கரையோ கூடிவிட்டால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. மண் நனைந்திருக்கும்போதே செடி வாடும். 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை கரைந்திருக்கும் குளிர்பானத்தை ஊற்றினால் எறும்புக்குத்தான் கொண்டாட்டம். சாணமும் கோமியமும் கலந்து ஊறவைக்கும் ஜீவாமிர்தக் கரைசலிலும் வெல்லம் உண்டே என்பார்கள். உண்டு, 200 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ. அதையும் இரண்டு நாள் ஊறலில் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கிவிடும். பஞ்சகவ்யமும் 10 லிட்டர் நீருக்கு 300 மில்லிதான். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்துக்கு இவை சரி. இரண்டு தொட்டிக்காகக் கோமியம் தேடி அலைவது வீண்வேலை.

வடிகஞ்சி கெட்டியானது. அப்படியே ஊற்றினால் மேல்மண்ணில் ஏடு படிந்து நாறும். ஆறவைத்து, நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும். உலையில் உப்புப் போட்டிருந்தால் தொடவே வேண்டாம். கழுநீருக்கு இந்தத் தொல்லை இல்லை, அன்றன்றே ஊற்றிவிட்டால் போதும். மாடு இருக்கும் வீட்டில் இரண்டுமே கழுநீர்ப் பானைக்குப் போய்விடும். அங்கே செடிக்கு முறை வராது. மோர் இலையில் தெளிக்கத்தான் ஏற்றது. சோப்பு நீரின் சோடியம் மண்ணை இறுக்கும்.

பார்வைக்குப் பளிங்குபோல் இருக்கும் ஆர்.ஓ. கழிவுநீர்தான் என் கணக்கில் மிக மோசம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு, குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைத் தாண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தக் கிணற்று நீரில் இரண்டு லிட்டரை இயந்திரத்தில் விட்டு ஒரு லிட்டர் குடிநீர் எடுத்தால், மிச்ச லிட்டரில் உப்பும் ஃபுளூரைடும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வீணாகிறதே என்று அதைத் தினமும் ரோஜாவுக்கு ஊற்றுகிறோம். நீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும்; விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படியும், இலையோரம் கருகும். டிரசீனா என்ற அழகுச்செடி ஃபுளூரைடைக் கொஞ்சமும் தாங்காது, நுனியிலிருந்து பழுப்பாகும். அந்த நீரில் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். செடிக்குத்தான் என்றால் உப்பு தாங்கும் தென்னைக்கு விடுங்கள். ஏற்கெனவே பொருக்குப் படிந்த தொட்டியை நல்ல மழையில் வைத்து, அடித்துளை வழியாக நீர் தாராளமாக வடிய விடவும்.