ராஜமலை ஜீப் சஃபாரின்னு யாராவது காசு கேட்டா குடுத்துடாதீங்க

மூணாறு போய்ட்டு நேத்து ராத்திரிதான் வீடு வந்தோம், இன்னும் மனசு ஆறல. அம்மாவுக்கு வரையாடு பாக்கணும்னு ரொம்ப வருஷத்து ஆசை, நம்ம மாநில விலங்கு, அத ஒரு தடவயாவது நேர்ல பாத்துடணும்டான்னு சொல்லிட்டே இருப்பாங்க. சரின்னு இன்ஸ்டாகிராம்ல பாத்த ஒரு டிராவல் ஏஜென்ட்கிட்ட பேசினேன். நம்ம ஜீப்பே ராஜமலைல இருக்கற இரவிகுளம் நேஷனல் பார்க்குக்குள்ள போகும் சார், ஆனமுடி உச்சி வரைக்கும் போலாம், என்ட்ரி டிக்கெட்டோட ஆறு பேருக்கு 7,500ன்னான். மலையே நீலக்குறிஞ்சியா பூத்துக் கெடக்குற போட்டோ வேற அனுப்பினான், இப்ப இப்படித்தான் இருக்குன்னு. ஜிபேல 4,000 அட்வான்ஸ் போட்டுட்டேன்.

பிப்ரவரி ரெண்டாவது வாரம், போடிமெட்டு வழியா போனோம். மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஜீப் வந்துச்சு, ஏதோ டீ எஸ்டேட் ரோட்டுல குலுங்கிக் குலுங்கி ஏறி ஒரு வளைவுல நிறுத்திட்டு, எதிர் சரிவுல கறுப்பா தெரிஞ்சத காட்டி அதோ வரையாடுன்னாரு டிரைவர். அம்மா முட்டிவலியோட எறங்கி, நெத்தில கைய வச்சு கண்ண சுருக்கிப் பாத்துட்டே நின்னாங்க, பத்து நிமிஷம் ஆச்சு, அது அசையவே இல்ல. என் பொண்ணு போன்ல ஜூம் பண்ணிப் பாத்துட்டு பாட்டி அது பாறைன்னா. அம்மா ஒண்ணும் பேசாம போய் ஜீப்ல உக்காந்துட்டாங்க.

டிரைவர அழுத்திக் கேட்டதும் உண்மைய சொல்லிட்டாரு, பார்க் மூடிதான் இருக்கு, எஸ்டேட் சுத்திக் காட்டத்தான் எனக்கு 1,500 பேசினாங்கன்னு. பார்க் நுழைவு வாசல் இருக்கற அஞ்சாம் மைலுக்கு நாங்களே போய்ப் பாத்தோம், கேட் பூட்டு. அங்க விசாரிச்சப்பதான் எல்லாம் வெளங்குச்சு. வரையாடு குட்டி போடுற சமயம்னு இரவிகுளத்த வருஷா வருஷம் பொதுவா பிப்ரவரி, மார்ச் மூடிடுவாங்க, சில வருஷம் தேதி முன்னபின்ன ஆகும். தெறந்திருக்கும்போதும் நம்ம வண்டி, வாடகை ஜீப் எதுவும் உள்ள போகாது, வனத்துறை பஸ்லதான் ஏறணும். ஆனமுடி 2,695 மீட்டர், அந்த டிக்கெட்ட வச்சு உச்சிக்கெல்லாம் விடமாட்டாங்க. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருக்கா, அங்க 2018ல பூத்தது, இனி 2030தான், ஆக அந்த போட்டோவே பழசு. இதுல ஒண்ண முன்னாடியே தேடிப் பாத்திருந்தாகூட அட்வான்ஸ் போட்டிருக்க மாட்டேன்.

ஏஜென்ட்டுக்கு போன் பண்ணா, ஆடு வராததுக்கு நாங்க என்ன பண்றது, மீதி 3,500 எப்ப போடுவீங்கன்னு கேக்குறான். நான் சத்தம் போட்டதும் பிளாக் பண்ணிட்டான். சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்திருக்கேன், ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், நீங்களும் எதையும் டெலீட் பண்ணிடாதீங்க. டிக்கெட்ட வனத்துறைகிட்ட நேரடியா எடுங்க, நடுவுல ஆளே வேணாம்.

இன்னிக்குக் காலைல என் மச்சான் போன்ல பாத்தேன், அந்த ஏஜென்ட் அதே குறிஞ்சி போட்டோவ போட்டு மார்ச் மாசத்துக்கு புக்கிங் எடுத்துட்டு இருக்கான்.