சஞ்சார் சாத்தி சைட்: என் பேர்ல ஓடின ரெண்டு சிம்ம காட்டிக் குடுத்துச்சு

நான் வாங்காத லோன கட்டச் சொல்லி போன் வந்துச்சு, குடியாத்தத்துல வீட்ல தீப்பெட்டி ஒட்டிட்டு இருந்த அம்மா கை பசையோட அப்படியே உக்காந்துட்டாங்க. யாரோ என் ஆதார் ஜெராக்ஸ வச்சி வேலைய காட்டியிருக்கான்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாருன்னு சஞ்சார் சாத்தில (நம்ம பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னு காட்டுற சென்ட்ரல் கவர்மெண்ட் சைட்) என் நம்பர் போட்டு ஓடிபி குடுத்தேன், என் பேர்ல நாலு சிம், அதுல ரெண்டு எனக்கு சம்பந்தமே இல்ல! "என் நம்பர் இல்ல"ன்னு டிக் பண்ணி அனுப்பினேன், ரெஃபரன்ஸ் நம்பர் வந்துச்சு, பைசா செலவில்ல. நம்பர முழுசா காட்டாது, அது ஒண்ணுதான் கொற.

ஆனா லோன் பஞ்சாயத்த இது தீக்காது. அதுக்கு சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணணும், கிரெடிட் ரிப்போர்ட் (நம்ம பேர்ல இருக்குற லோன் எல்லாம் காட்டுறது, வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீ) எடுத்து தப்பான லோனுக்கு டிஸ்ப்யூட், அதாவது இது என் லோன் இல்லன்னு புகார் போடணும். அந்தப் புகார 30 நாளுக்குள்ள முடிக்கலன்னா ஒரு நாளுக்கு 100 ரூபா நமக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, பேங்க்ல தைரியமா கேளுங்க.

ஆதார் பயோமெட்ரிக்க (கைரேகை, கண் பதிவு) யாரும் யூஸ் பண்ண முடியாதபடி லாக் பண்ணிட்டேன், அம்மாவுதும் சேத்து.