சப்டைட்டில் இல்லாத ஷோகனும் சப்டைட்டில் உள்ள ஷோகனும்

ஷோகனை நான் தலைகீழ் வரிசையில் பார்த்தேன். முதலில் 2024-ல் எஃப்எக்ஸ் சேனல் தயாரித்த பத்து எபிசோடுகள். அது முடிந்த கையோடு, 1980 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி ஐந்து இரவுகளில் ஒளிபரப்பிய பழைய தொடர். இரண்டுக்கும் மூலம் ஜேம்ஸ் கிளாவெல் 1975-ல் வெளியிட்ட நாவல்தான். 1600-ல் ஒரு டச்சுக் கப்பல் ஜப்பான் கரையில் ஒதுங்குகிறது. அதன் ஆங்கிலேய மீகாமன் பிளாக்தோர்ன், தோரனாகா என்ற பிரபுவின் கைக்கு வந்து சேர்கிறான். இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நிற்கிறாள் மாரிகோ. கதை ஒன்று என்றாலும், அடுத்தடுத்துப் பார்த்தபோது இரண்டு வேறு ஊர்களுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் கவனம்.

பழைய தொடரில் ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியில் பேசுகிறார்கள், ஆனால் திரையின் கீழே ஒரு எழுத்தும் வராது. வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார்கள். பிளாக்தோர்னுக்குப் புரிவதுதான் நமக்கும் புரியும். இடையிடையே ஆர்சன் வெல்ஸின் குரல் கொஞ்சம் விளக்கம் சொல்லும், அவ்வளவுதான். முதல் ஒன்றரை மணி நேரம் இது பிரமாதமாக வேலை செய்கிறது. எதிரே நிற்பவன் கத்துவது மிரட்டலா, கட்டளையா, வெறும் கேள்வியா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. புதியதில் இந்தப் பயம் கிடைக்கவில்லை. கப்பல் ஆட்களில் ஒருவனைக் கொதிக்கும் அண்டாவில் போடும்போதுகூட, அதைச் செய்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பலமே போகப்போகப் பாரமாகிறது. ஒரு அறை நிறைய பிரபுக்கள் உட்கார்ந்து நாட்டின் தலைவிதியைப் பேசுகிறார்கள். நாம் வாசலில் செருப்போடு நிற்கிறோம். தோரனாகாவாக நடிப்பவர் தோஷிரோ மிஃபுனே. எழுந்து நின்றாலே அறை சிறுத்துப்போகிற நடிகர் அவர். அந்த ஆளுக்குள் என்ன ஓடுகிறது என்று அறியக் கடைசிவரை வழியே இல்லை. அது எனக்கு நிஜமான வருத்தம்.

புதிய தொடரில் பெரும்பகுதி ஜப்பானிய மொழிதான், எல்லாவற்றுக்கும் சப்டைட்டில் உண்டு. அதனால் மாரிகோவின் வேலை என்ன என்பது முதல்முறையாகப் புலப்படுகிறது. பிளாக்தோர்ன் கோபத்தில் உளறுவதை அவள் பதமாக்கிச் சொல்கிறாள். சில இடங்களில் பாதியை விழுங்கிவிடுகிறாள். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அவளும் நாமும் மட்டுமே. வீட்டில் ஒரு மொழி, வேலையில் இன்னொரு மொழி என்று வாழ்பவர்களுக்கு அவள் முகம் நன்றாகவே பிடிபடும். ஐந்தாவது எபிசோடில் அவள் கணவன் புந்தாரோ சாக்கே குடித்துவிட்டு அவள் முகத்தை உரசுகிற மாதிரி அம்பு விடுகிறான். பிறகு அவளுடைய குடும்பத்தின் அவமானக் கதையை அவள் வாயாலேயே விருந்தாளிக்குச் சொல்ல வைக்கிறான். மாரிகோவாக வரும் அன்னா சவாய் அதைக் குரல் உயர்த்தாமல் சொல்லி முடிக்கிறார். அதைப் பார்த்த இரவு நான் அடுத்த எபிசோடைப் போடவில்லை.

அதே எபிசோடில்தான் அந்தக் கோழிக் கதையும் வருகிறது. பிளாக்தோர்ன் ஒரு காட்டுக்கோழியைத் தொங்கவிட்டு, இதைத் தொட்டால் சாவு என்று அரைகுறை ஜப்பானிய மொழியில் விளையாட்டாகச் சொல்லிவைக்கிறான். அவன் இப்போது வீட்டு எஜமான், எஜமான் வாயில் வந்தது சட்டம். கோழி அழுகி நாறுகிறது. அதை இறக்கிய வயதான தோட்டக்காரர் உயிரை விடுகிறார். ஒரு மொழியை அரைகுறையாகப் பேசினால் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய காட்சி நான் டிவியில் பார்த்ததில்லை.

தோரனாகாவில் யார் மேல்? எனக்குத் தயக்கமில்லை, ஹிரோயுகி சனதாதான். மிஃபுனே மலை மாதிரி நிற்கிறார். சனதா சதுரங்கம் ஆடுபவர், சோர்ந்தும் போகிறார், பொய்யும் சொல்கிறார். இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியான தோகுகாவா இயேயசு பொறுமைக்குப் பேர்போன ஆள் என்பதால் சனதாவே பொருந்துகிறார். தயாரிப்பிலும் அவர் பங்கு பெரியது. உடை, தலைமுடி, நடை எல்லாவற்றுக்கும் ஜப்பானிலிருந்தே நிபுணர்களை வரவழைத்தார். இத்தனைக்கும் படப்பிடிப்பு நடந்தது கனடாவில். பழையது முழுக்க ஜப்பானிலேயே எடுத்தது, அந்த வெயிலும் கடலும் அசல்.

பிளாக்தோர்ன் விஷயத்தில் பழையவர் ஜெயிக்கிறார். ரிச்சர்ட் சேம்பர்லினுக்கும் மாரிகோவாக வரும் யோகோ ஷிமாடாவுக்கும் நடுவே உள்ள காதலை நம்ப முடிகிறது. புதியதில் காஸ்மோ ஜார்விஸ் நன்றாகவே செய்கிறார், ஆனால் காதலுக்கு ஒதுக்கிய இடம் குறைவு. தோரனாகாவுக்குக் கீழே இருக்கும் பிரபு யாபுஷிகேயாக வரும் தடானோபு அசானோவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பச்சைத் துரோகி, ஆனாலும் அவர் வரும் காட்சிக்காகக் காத்திருந்தேன்.

இரண்டிலும் வருகிற இயேசு சபைப் பாதிரியார்களைப் பார்க்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஜப்பானில் அந்தப் பணியைத் தொடங்கிய பிரான்சிஸ் சவேரியார் 1549-ல் காகோஷிமாவில் இறங்குவதற்கு முன், நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே இருந்தவர்.

2024-ல் அமெரிக்க டிவி விருதான எம்மியில் புதியது 18 விருதுகள் வாங்கியது. சிறந்த டிராமா தொடர் விருது ஆங்கிலம் அல்லாத மொழித் தொடருக்குப் போனது அதுவே முதல்முறை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அதையே பாருங்கள். இரண்டுக்கும் நேரம் இருந்தால் பழையதில் தொடங்குங்கள், புரியாமல் திணறிவிட்டுப் பிறகு புரிந்துகொள்வது தனி அனுபவம்.

புதியதில் பெரிய போரைக் காட்டவில்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு ஒன்பதாவது எபிசோடில் அந்தப் போர் முடிந்துவிட்டது. தோரனாகாவின் எதிரிகள் பிடியில் இருக்கும் ஒசாகா கோட்டையை விட்டு வெளியேறப் போகிறேன் என்று மாரிகோ வாசலுக்கு வருகிறாள். கூட வந்த வீரர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். அவளே ஈட்டிவாளை எடுத்து வீசுகிறாள், ஒரு அடிகூட முன்னே போக முடியவில்லை. கைகள் நடுங்க நின்று, கடமையைச் செய்யவிடாததால் மாலை மயங்கும்போது உயிரை விடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். அத்தனை நாள் அடுத்தவர் பேச்சையே சுமந்து வந்தவள் அங்கே தன் பேச்சைப் பேசுகிறாள், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல்.