வெஸ்ட் பாயிண்ட் பரிந்துரை: பிரதிநிதியா, செனட்டரா?

அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியிலோ அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியிலோ சேர மதிப்பெண்ணும் உடல்தகுதியும் மட்டும் போதாது, பரிந்துரையும் வேண்டும். நாம் பழகிய சிபாரிசுக் கடிதம் மாதிரி இதை நினைத்துவிடாதீர்கள். இது சட்டம் வகுத்த இட ஒதுக்கீடு. காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒவ்வொருவர் கணக்கிலும் ஓர் அகாடமியில் ஒரே சமயத்தில் 5 பேர் படிக்கலாம். படிப்பு 4 ஆண்டு. அதனால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் இடம்தான் காலியாகும்.

தொகுதிப் பிரதிநிதி (கீழவை உறுப்பினர்), மாநிலத்தின் 2 செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்), துணை அதிபர் எல்லோரிடமும் மாணவர் கேட்கலாம். செனட்டர் பெரிய பதவி, அங்கே கிடைத்தால்தான் வலு என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். யார் கொடுத்தாலும் பரிந்துரையின் மதிப்பு ஒன்றுதான். மாறுவது போட்டியின் அளவு. கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 52 தொகுதிகள், ஆக பிரதிநிதிகள் கணக்கில் 260 இடங்கள். செனட்டர்கள் இருவருக்கும் சேர்த்து 10தான். அந்தப் பத்துக்கு மாநிலம் முழுக்க இருந்து பிள்ளைகள் வருவார்கள். அங்கே இருப்பவர் தன் தொகுதி நேர்காணலுக்குத்தான் உயிரைக் கொடுத்துத் தயாராக வேண்டும். வயோமிங்கில் கதை வேறு. முழு மாநிலத்துக்கும் ஒரே பிரதிநிதி, அவருக்கு 5, செனட்டர்களுக்கு 10. மூன்று பேரிடமும் போட்டியிடுவது அதே பிள்ளைகள்தான்.

துணை அதிபருக்கு நாடு முழுவதற்கும் 5 இடம். விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். பெற்றோர் ராணுவத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர் என்றால் அதிபர் கணக்கில் ஒவ்வோர் அகாடமிக்கும் ஆண்டுக்கு 100 இடம் தனியாக உண்டு.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒரு கேள்வி: உறுப்பினர் எப்படிப் பரிந்துரைக்கிறார்? சிலர் ஒருவரை முதன்மையாகக் குறிப்பிடுவார்கள். அவர் தகுதி பெற்றுவிட்டால் இடம் அவருக்கே. சிலர் பட்டியலைக் கொடுத்துத் தேர்வை அகாடமியிடமே விட்டுவிடுவார்கள். நேரில் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு முதல் முறை உதவும், மதிப்பெண் பலம் உள்ளவருக்கு இரண்டாவது. உறுப்பினரின் அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது பிள்ளையாகவே இருக்கட்டும், அப்பா அம்மா வேண்டாம்.

ஒரே இடத்தில் மட்டும் கேட்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். பரிந்துரை பெற்றும் இடம் கிடைக்காத தகுதியானவர்களில் இருந்து, தர வரிசைப்படி குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிலரை எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த வரிசையில் நிற்கவும் கையில் ஒரு பரிந்துரை வேண்டும்.

இந்த அலைச்சலே வேண்டாம் என்றால் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல் அகாடமி இருக்கிறது. அங்கே பரிந்துரை கிடையாது, நேரடி விண்ணப்பம்தான்.