‘நம் ஊர்க்காரன்’ என்று சொல்லி கேம் ஐடி விற்பவனிடம் ஏமாற வேண்டாம்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கத்துப் பையன்களின் செல்போன்களில் ஒரு செய்திக் குழு சுற்றிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளின் ஐடி (ஆடுபவரின் கணக்கு), ஸ்கின் (ஆட்டத்தில் போடும் உடை, துப்பாக்கி அலங்காரம்), விளையாட்டுக் காசு எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அதில் நாள் முழுவதும் விளம்பரம் வருகிறது. என் தங்கை மகன் அங்கே 18,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டான். வீட்டில் இந்த வயதில் பையன் இருப்பவர்கள் படித்துவிட்டு அவனிடமும் காட்டுங்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கிறான். விடுமுறையில் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று சேர்த்த பணம் அது. “விளையாட்டுக்கு எதற்குப் பதினெட்டாயிரம்?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது அவன் உழைத்த காசு. திருடியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனைத் திட்டுவதால்தான் பல வீடுகளில் பையன்கள் வாயே திறப்பதில்லை.

விற்றவன் முதலில் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, நானும் பாளையங்கோட்டைதான், சமாதானபுரம்” என்று ஆரம்பித்திருக்கிறான். குரல் செய்தியை நானும் கேட்டேன். சுத்தமான திருநெல்வேலிப் பேச்சு, நடுவில் உரிமையோடு ஓர் ‘ஏலே’ வேறு. இருபத்தைந்தாயிரம் போகும் ஐடியைச் சொந்த ஊர்ப் பையன் என்பதற்காகக் குறைத்துத் தருகிறானாம். அந்தக் கணக்கில் இனி விளையாட்டின் கடையில் வராத பழைய உடைகள் இருந்தன, கடைசிப் படிவரை மெருகேற்றிய துப்பாக்கியும் இருந்தது. வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியிருக்கிறான். ஐடி போலி இல்லை. மருமகன் கவனமாகத்தான் பார்த்திருக்கிறான், ஆனால் மோசடி இருந்த இடம் வேறு.

பணத்தை நேரடியாகக் கொடுக்க அவன் தயங்கியதும் ‘மிடில்மேன்’ வந்தார். ஐடி கைமாறும் வரை பணத்தைப் பிடித்துவைக்கும் நடுவர் என்று இந்தக் குழுக்களில் ஒருவர் இருப்பார். யுபிஐ வழியாகப் பணம் அவருக்குப் போனது, கடவுச்சொல் வந்தது, இவனும் உடனே அதை மாற்றிவிட்டான். இரண்டு இரவு ஆடினான். மூன்றாம் நாள் காலையில் உள்ளே நுழைய முடியவில்லை.

நடந்தது இதுதான். இத்தகைய விளையாட்டுகளில் ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட உள்நுழைவுகளோடு இணைத்துவைக்கலாம். விற்றவன் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, “இன்னொன்று செத்துப்போன பழைய மெயில், கண்டுகொள்ளாதே” என்று சொல்லியிருக்கிறான். செத்துப்போனதாகச் சொன்ன மெயில் உயிரோடு அவன் கையில் இருந்தது. அதைக்கொண்டு கணக்கை மீட்டுவிட்டான். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும், முதலில் பதிந்த மெயிலும் மீட்பு எண்ணும் யாரிடம் இருக்கின்றனவோ அவனுக்குத்தான் கணக்கு. பத்திரம் பதியாமல் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் குடியேறிய மாதிரிதான் இது.

மிடில்மேனைக் கேட்டபோது, “மண்ணிக்கவும் தம்பி, ஐடி கைமாறியதுமே என் பொறுப்பு முடிந்துவிட்டது” என்று பதில் வந்தது. இன்னொரு நாலாயிரம் முன்பணம் கட்டினால் பேசி மீட்டுத் தருகிறாராம். அந்தக் கட்டத்தில்தான் மருமகன் போனை என்னிடம் நீட்டி, “மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்றான். மேலே உருட்டிப் பார்த்தால், விற்றவனும் ஒரு நாள் தாமதமாகப் பதில் போட்டபோது அதே எழுத்துப்பிழையோடு ‘மண்ணிக்கவும்’ என்றுதான் எழுதியிருக்கிறான். இரண்டு எண், இரண்டு படம், ஒரே ஆள். குழுவில் “நம்பிக்கையானவர் அண்ணாச்சி” என்று அவருக்கு நற்சான்று கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதே ஆளோ.

போலீசுக்குப் போவோம் என்றதும் மிரட்டல் தொடங்கியது. ஆன்லைன் கேமைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது, புகார் கொடுத்தால் நீதான் முதலில் உள்ளே போவாய் என்றான். பையன் உண்மையிலேயே பயந்துவிட்டான். அந்த மோசடிக்காரன் சொன்னது 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டத்தை. அது பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் விளையாட்டுகளைப் பற்றியது. அதன் தண்டனையும் அவற்றை நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிவர்த்தனைக்கு வழி செய்பவர் மீதுதான், ஆடுபவர் மீது இல்லை. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்கோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. ஆக, சட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியவன் அவன்தான்.

விளையாட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் பார்த்தோம். கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்று ஒரு வரிப் பதில் வந்தது. கோபம் வந்தாலும் அவர்கள் விதியில் அப்படித்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய உடையும் துப்பாக்கியும்கூட ஆடுபவருக்குச் சொந்தமில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே.

“உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்தானே மாமா?” என்றான் மருமகன். அது உண்மைதான். எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டின் பொருள்கள் ஈபே என்ற இணையச் சந்தையின் ஏலத்தில் போன விலையை வைத்து, பொருளாதார அறிஞர் எட்வர்ட் காஸ்ட்ரொனோவா 2001-இல் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கற்பனை உலகத்தின் தனிநபர் வருமானம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் நின்றது. ஆனால் 2007-இல் ஈபே இந்தச் சரக்கே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. டயாப்லோ 3 விளையாட்டை நடத்திய நிறுவனம் 2012-இல் தானே நிஜப் பண ஏலக்கடை திறந்து, 2014 மார்ச்சில் மூடியது. முறையான சந்தையிலும் நிம்மதி கிடையாது. 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் ஒரே ஒரு விதி மாறியது, அரிய கத்திகளின் விலை ஒரே நாளில் சரிந்துவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கே பிடி கொடுக்காத சரக்கை முகம் தெரியாத ஆளிடம் வாங்கினால் யாரிடம் போய் நிற்பது?

பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க அவர்கள் வங்கிக்குச் சொல்வார்கள். அதற்குள் வேறு கணக்குக்குப் பாய்ந்துவிட்டால் பிடிப்பது கடினம், அதனால் வீட்டில் சொல்லப் பயந்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம். யுபிஐ பரிவர்த்தனை எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், குரல் செய்தி எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) எண்ணைப் போடு என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் (PIN) எண் தேவையில்லை.

நாங்கள் புகார் கொடுத்தபோது அந்தக் கணக்கில் சொற்பம்தான் மிச்சமிருந்தது. அது முடக்கப்பட்டிருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. கணக்கு வேறு மாநிலத்து மாணவன் ஒருவனின் பெயரில் இருக்கிறதாம், கமிஷனுக்காக வாடகைக்கு விட்டவனாக இருக்கலாம். அந்தக் குழுவிலேயே, “வங்கிக் கணக்கு கொடுத்தால் வாரம் இரண்டாயிரம்” என்று ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. அதற்குத் தலையாட்டும் பையனின் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வரும்.

குழு இப்போது பெயரை மாற்றிக்கொண்டு ஓடுகிறது. போன வாரம் அதே ஐடி, அதே உடைகளோடு 22,000 ரூபாய்க்கு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்தப் படத்தையும் புகாரோடு சேர்த்துவிட்டோம். இந்த ஆளிடம் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் இருந்தால், தொகை சிறியது என்று விட்டுவிடாமல் நீங்களும் பதிவு செய்யுங்கள்.