ஆச்சியின் குரலை ஹால் டிவிக்குக் கொண்டுவந்த கதை: பிஎஸ்3, பிஎஸ்4, வீட்டுக் கம்ப்யூட்டர்

2011-இல் அத்தான் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பிஎஸ்3 ஸ்லிம், அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல், கொண்டுவந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. டிவி முன் ஹாலில், கம்ப்யூட்டர் பின்பக்க மச்சில். நடுவில் ஒன்றரை அடி கனத்தில் மூன்று சுவர். அன்று முதல் இன்றுவரை அந்தக் கம்ப்யூட்டரிலிருக்கும் வீடியோக்களை கேம் கன்சோல் வழியாகத்தான் டிவியில் பார்க்கிறோம். 2016 முதல் பிஎஸ்4. இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

பென்டிரைவில் போட்டுப் பார்த்தால் ஆகாதா என்று பலரும் கேட்பார்கள். பிஎஸ்3 படிப்பது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவைத்தான். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எங்களிடம் இருந்ததோ பழைய வீடியோ கேமராவின் மினிடிவி டேப்புகள். அதை ஃபயர்வயர் என்ற கேமரா வயர் வழியாகக் கம்ப்யூட்டரில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும். அக்கா கல்யாணம், வீடு பால்காய்ப்பு, 2003-இல் ஆச்சி முந்திரிக்கொத்து செய்யச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்த டேப்புகளில்தான் இருந்தன.

பிஎஸ்3 மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். கன்சோலில் நெட்வொர்க் செட்டிங்கில் மீடியா சர்வர் இணைப்பை ஆன் செய்தால், வீடியோ வரிசையில் கம்ப்யூட்டரின் பெயர் வந்து நிற்கும். வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவியிலிருக்கும் வீடியோவை இன்னொன்றில் பார்க்க உதவும் டிஎல்என்ஏ என்கிற பொது முறை இது. கன்சோலுக்குப் புரியாத ஃபைலை, வீடியோ ஓடும்போதே கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுக்கும். எம்கேவி ஃபைலாக இருந்து உள்ளே எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ இருந்தால், படத்தைத் தொடாமல் வெளி உறையை மட்டும் மாற்றி அனுப்பவும் முடியும். பிறகு அதே திட்டத்திலிருந்து 2012-இல் பிரிந்து வந்த யுனிவர்சல் மீடியா சர்வருக்கு மாறினேன். இன்றும் அதுதான்.

முதல் ஒரு வருடம் வைஃபையில் ஓட்டினேன். சாதாரண டிவிடி ஃபைல் ஓடும். கேம்கார்டரில் எடுத்த ஏவிசிஎச்டி என்ற ஹெச்டி வீடியோ பத்து நொடிக்கு ஒருமுறை நின்றுவிடும். பிஎஸ்3-க்குள் இருப்பது 802.11ஜி வைஃபை. 54 எம்பிபிஎஸ் என்று சொன்னாலும் பக்கத்தில் வைத்தால்கூடக் கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. எங்கள் மூன்று சுவர் தாண்டி என்ன மிஞ்சும்? ஏவிசிஎச்டி மட்டுமே 24 எம்பிபிஎஸ் வரை கேட்கும். அதே கன்சோலின் பின்னால் கிகாபிட் லேன் போர்ட் சும்மா கிடந்தது. 25 மீட்டர் கேட்5இ லேன் வயர் வாங்கி, மரத்தட்டுக்கு மேலே பிவிசி குழாய்க்குள் இழுத்தேன். எலி கடிக்காமலிருக்கக் குழாய் கட்டாயம் வேண்டும். அன்று நின்றது அந்தத் திக்கல். கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன், புது ரவுட்டர் வாங்குவதற்கு முன், முதலில் வயர் இழுத்துப் பாருங்கள்.

வயரோடு ஒரு ஆபத்தும் வரும். 2013 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி இறங்கியபோது டெலிபோன் லைன் வழியாக வந்து மோடமும் கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் கருகிப்போயின. நம் மாவட்டத்தில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் சாயங்கால இடி வழக்கம்தானே. வானம் இருண்டால் இப்போதும் இரண்டு முனையிலும் வயரைக் கழற்றிவிடுவேன். ஃபைபர் வந்தபின் தெருவிலிருந்து செம்புக் கம்பி வருவதில்லை. ஆனால் கரண்ட் கம்பி இருக்கிறது, அதனால் பிளக்கையும் சேர்த்தே பிடுங்குகிறேன்.

மோடம் மாற்றிய அன்று இன்னொன்று தெரிந்தது. கன்சோலில் கம்ப்யூட்டர் பெயரே வரவில்லை. இரண்டு நாள் மென்பொருளை அழித்து அழித்துப் போட்டேன். காரணம் வேறு. புது மோடம் என்பதால் விண்டோஸ் அதைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, ஃபயர்வாலை இறுக்கி, கன்சோல் கேட்கிற கேள்வியை உள்ளே விடவில்லை. வீட்டு நெட்வொர்க் என்று மாற்றியதும் பெயர் வந்துவிட்டது. ரவுட்டர் மாற்றும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து, ஓடும்போதே மாற்றுவது. பழைய கோர் 2 டியோ கம்ப்யூட்டர் 1080பி வீடியோவை அப்படி மாற்றத் திணறியது. அதனால் டேப் வீடியோ எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரே தடவை எச்.264 எம்பி4 ஆக மாற்றி வைத்தேன். மினிடிவி படம் ஒன்றுவிட்ட வரிகளாக ஏறியிருக்கும். யாராவது கையை ஆட்டினால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அதை நீக்கும் டீஇன்டர்லேஸ் போட மறக்க வேண்டாம். மூல 13 ஜிபி ஃபைலையும் அழிக்க வேண்டாம். ஒக்கி புயலில், 2017 நவம்பர் 30 அன்று, ஓடு பெயர்ந்து மச்சில் தண்ணீர் ஒழுகியது. கம்ப்யூட்டர் தப்பியது தற்செயல். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் இன்னொரு ஹார்ட்டிஸ்கில் எடுத்து நாகர்கோவிலில் அக்கா வீட்டில் கொண்டுவைத்தேன்.

இப்போது ஓடும்போதே மாற்றுவது ஒன்றே ஒன்றுக்குத்தான், சப்டைட்டில் எழுத்தைப் படத்தின்மேல் காட்டுவதற்கு. அப்பாவுக்குக் காது மந்தமானது. முந்திரிக்கொத்து டேப்பைப் போட்டால் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மக்கா, அம்மை என்ன சொல்லுதா?" என்று கேட்பார். ஒவ்வொரு வரிக்கும் நான் காதருகில் போய்ச் சொல்வேன். அது தாங்கவில்லை எனக்கு. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் உட்கார்ந்து 40 நிமிட டேப்புக்கும் தமிழில் எழுதினேன். ஆச்சி பேசியதை அப்படியே. "வெள்ளம் ஒருபாடு விடாத" (தண்ணீர் நிறைய விடாதே), "அடுப்புகிட்ட சாடாத பிள்ளே" (அடுப்புப் பக்கம் குதிக்காதே) என்றுதான் இருக்கும். மஸ்கட்டில் வளரும் அக்கா பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

சப்டைட்டில் ஃபைலைத் தமிழ் எழுத்தைத் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். சர்வரில் சப்டைட்டில் எழுத்துருவாக நிர்மலா யூஐ மாதிரி தமிழ் உள்ளதைக் கொடுங்கள். இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். பழைய பதிப்பில் எனக்குக் கொம்பும் காலும் இடம் மாறி வந்தன. பின்னால் வந்த பதிப்புகளில் சரியாக நிற்கிறது. எழுத்தைப் படத்தோடு நிரந்தரமாக ஒட்டிவிடலாமே என்றால், நான் ஒட்டவில்லை. முதல் தடவை பார்த்தபோதே அப்பா நிறுத்தச் சொன்னார். "பாகு முத்தணும்" என்று நான் எழுதியிருந்த இடத்தில், "அம்மை அப்பிடி சொல்லமாட்டா, பாகு முறுகணும்னுதான் சொல்லுவா" என்றார். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். முறுகணும்தான். காது கேட்காமல் உதட்டைப் பார்த்தே சொல்லிவிட்டார். மச்சுக்குப் போய் ஒரு சொல்லைத் திருத்தி, திரும்ப வந்து ஓட்டினேன். இதுவரை ஒன்பது இடம் அப்படித் திருத்தியிருக்கிறார்.

பிஎஸ்4-இல் 2015-இல் வந்த மீடியா பிளேயர் எம்கேவியை நேரடியாக ஓட்டுகிறது, அதனால் வேலை குறைவு. பிஎஸ்5-இல் டிஎல்என்ஏ இல்லை. மருமகன் புதியது வாங்கலாம் என்றபோதும் பழையதை டிவிக்குக் கீழே வைத்திருப்பது இதற்காகத்தான். பிளேயரை ஒருமுறை இறக்கிவிட்டால், பிறகு பார்ப்பதற்கு இன்டர்நெட் வேண்டாம். ஃபைபர் அறுந்து கிடந்த நாட்களிலும் ஆச்சி டிவியில் வந்தாள். வருடம் ஒருமுறை விசிறியில் தூசி எடுக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு டேப் மிச்சம். 8 எம்எம் அனலாக் கேசட், தாத்தா நடமாடுவது அதில்தான் இருக்கிறது என்கிறார் அப்பா. பழைய 8 எம்எம்மையும் படிக்கிற டிஜிட்டல்8 கேமரா ஒன்று கிடைத்தால் ஃபயர்வயரிலேயே இறக்கிவிடலாம். நாகர்கோவிலில் இரண்டு கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.