பிஜுவல்டா, கேண்டி க்ரஷ்ஷா?

பாப்கேப் நிறுவனம் 2001இல் வெளியிட்ட கணினி விளையாட்டான பிஜுவல்டில் 8க்கு 8 கட்டம், 7 வகை மணிக்கற்கள். அடுத்தடுத்த மணிகளை இடம் மாற்றி, ஒரே மாதிரி மூன்றை வரிசையாகச் சேர்த்தால் மறையும். மேலே இருப்பவை சரிந்து விழும்போது தானாகவே இன்னும் சில வரிசைகள் சேருமே, அந்தச் சுகம்தான் ஆட்டமே! குறையும் அதில்தான். அடுத்து எது விழும் என்று தெரியாது. நகர்த்த வழியில்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது, எவ்வளவு யோசித்து ஆடியிருந்தாலும் சரி. லெவல்களும் ஒரே மாதிரி, அலுத்துவிடும்.

அதே பாணியில் 2012இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவில் அந்த அலுப்பு இல்லை. லெவலுக்கு லெவல் புது இலக்கு, புதுத் தடை. ஆனால் ஐந்து உயிரும் போனால், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் காத்திரு, இல்லையேல் காசு கொடு. எனக்குப் பிஜுவல்டே போதும்.